ரொட்டி வண்டி

எங்கள் தெருவில் வண்டிகளுக்கு வயதாவதில்லை. வரும்போது புகை கக்கிக்கொண்டு, இருமிக்கொண்டு வரும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் மினுமினுவென்று வாசலில் நிற்கும். ஓடின தூரம் காட்டும் மீட்டரைப் பார்த்தால் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் போய்வந்த வண்டி என்று சத்தியம் செய்யலாம் போலிருக்கும். தெரு நெடுகப் பழைய வண்டி வாங்கி விற்கிற யார்டுகள்தான். அத்தனை யார்டுக்கும் இளமையை வழங்கிவந்தவர் ஒரே ஆள், அக்கா யார்டில் வேலை பார்த்த அவள் தங்கை புருஷன். அக்காவுக்கு மாப்பிள்ளை என்பதால் தெருவுக்கே மாப்பிள்ளை ஆகி, கடைசியில் மீட்டர் மாப்பிள்ளை என்று நிலைத்துவிட்டார்.

மீட்டரைப் பின்னுக்குத் திருப்புவது பெரிய வித்தை ஒன்றுமில்லை. மற்றதெல்லாம் அதற்கு ஒத்துப்போக வேண்டும், வித்தை அதில்தான் இருக்கிறது. விவரம் தெரிந்தவன் மீட்டரைப் பார்க்கமாட்டான். குனிந்து பிரேக் பெடலின் ரப்பரைப் பார்ப்பான். மீட்டர் கொஞ்சமாகச் சொல்ல, ரப்பர் மொழுக்கென்று தேய்ந்து கிடந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். புதிதாகப் போட்டாலும் ஏன் புதிது என்று கேட்பான். மாப்பிள்ளையிடம் ஒரு டப்பா நிறைய ரப்பர் இருக்கும், எல்லாம் புதிதாக வாங்கி உப்புத்தாளில் அளவாகத் தேய்த்தவை. மீட்டர் எவ்வளவோ அதற்கேற்ற தேய்மானத்தை எடுத்து மாட்டுவார். கிழிந்த சீட்டை மூடுவது என் பங்கு. யார்டின் முன் மூலையில் என் சீட்டுக் கவர் கடை, அதனால் தெருவுக்கு நான் 'சீட்டு'. நடுவில் ஒரு தகரச் சுவர்தான். அங்கே தும்மினால் இங்கிருந்தே நான் நூறாயுசு சொல்வேன்.

அக்காவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். சபையில் அவளுக்கு முன் வரிசை. பாட்டில் அவள் குரல்தான் மேலே நிற்கும். ஜெபத்தில் அவள் கண்ணீர்தான் முதலில் வரும். நடிப்பில்லை, நிஜக் கண்ணீர். வாரம் முழுக்கச் சேற்றில் ஓடின வண்டியை ஞாயிற்றுக்கிழமை வாட்டர் சர்வீசுக்கு விடுவது போல அவள் போவாள், பளபளவென்று திரும்பி வருவாள், திங்கட்கிழமை காலையில் மறுபடி சேற்றில் இறங்குவாள். எங்களில் பலரும் அப்படித்தான் என்பதால் அதை யாரும் குறையாக நினைத்ததில்லை.

அன்று காலை அவளுக்கு அவசரம். ஒரு மருந்துக் கம்பெனிக்காக வண்டி பார்க்கும் ஆள் மறுநாள் வருகிறான். ஓடிக் களைத்த மூன்று வேன்கள் நின்றன. மூன்றின் மீட்டரையும் கழற்றி, ஒரு கிளாஸ் டீயோடு மேசைமேல் வைத்துவிட்டு அக்கா குரல் கொடுத்தாள்.

"மாப்பிள்ளை, மதியத்துக்குள்ள இத முடிச்சுருங்க."

மாப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தார். "இல்லக்கா. இனிமே வேணாம்."

"எது வேணாம்? டீயா, மீட்டரா?"

"மீட்டர்தான்."

நான் தையல் மெஷினை நிறுத்தினேன். நூல் அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா எடுத்த எடுப்பில் சண்டைக்குப் போகிறவள் இல்லை. முதலில் பேரம்.

"சரி, மூணும் வேணாம். ரெண்டு பண்ணுங்க. ஒண்ணு நிஜத்தக் காட்டினா மத்த ரெண்டு மேலயும் நம்பிக்கை வரும்."

"இல்லக்கா."

"அப்ப பாதி திருப்புங்க."

"பாதின்னா பொய் இல்லையா?"

"பாதி நிஜமும் இருக்குல்ல அதுல."

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். சிரிக்கிற வாடிக்கையாளன் பாதி விழுந்தவன் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். அக்கா குரலை இறக்கினாள். "இந்த ஒரு தடவை. ஞாயித்துக்கிழமை முழங்கால் போட்டு மன்னிப்புக் கேட்டுக்குங்க. நானும் கூட உக்காந்து கேக்கறேன். ஆண்டவர் என்ன நம்ம தெருக்காரரா, நாளைக்கு வா, மறுநாள் வான்னு இழுத்தடிக்க? கேட்டதும் குடுக்கறவரு."

"இப்படிப் பண்ணிக்கிட்டே இருக்கவாக்கா மன்னிப்புக் குடுத்தாரு? பாவத்துக்கு இனிமே நம்ம மேல அதிகாரம் இல்லன்னு போதகர் சொன்னப்ப, நீங்களும்தான் முன் வரிசையில தலையாட்டினீங்க."

"ஆட்டினேன். அது சபை. இது கடை."

"எனக்கு ஒரு தலைதான்க்கா இருக்கு."

அக்காவின் குரலில் சூடு ஏறியது. "இங்க பாருங்க. நீங்க ராப்பகலா பேசற அந்தக் கிருபைன்னா என்ன? ஆண்டவரே நம்ம மீட்டரச் சைபருக்குத் திருப்பி விடறாரு. அவர் பண்ணா கிருபை, நான் பண்ணா மோசடியா?"

சுவருக்கு இந்தப் பக்கம் நான் வாயில் கடித்திருந்த ஊசியை விழுங்கப் பார்த்தேன்.

மாப்பிள்ளை கை துடைத்த துணியை மேசைமேல் வைத்தார். அவர் வேதம் கரைத்துக் குடித்தவர் இல்லை. பேச்சு வருவதே அபூர்வம். "அவர் திருப்பலக்கா," என்றார். "ஓடின தூரம் பூரா அவருக்குத் தெரியும். எங்க இடிச்சது, எங்க ஒடுக்கு எடுத்தது, எதுக்கு மேல பெயின்ட் அடிச்சது, எல்லாம் தெரிஞ்சுதான் வாங்கினாரு. பேரமே பேசல."

"பேரம் பேசாம வாங்கறவன் ஒண்ணு முட்டாள், இல்ல திருட்டுப் பணம் வச்சிருக்கறவன்."

"இருக்கட்டும். ஆனா அப்படி ஒருத்தர் வாங்கினதுக்கு அப்புறம், பழைய ஓனருக்கு நான் வண்டி ஓட்ட முடியாதுக்கா."

அதோடு பேரம் முடிந்தது. அக்காவின் வாயில் 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது.

"என் தங்கச்சி கழுத்துல தாலி இருக்கேன்னு பாக்கறேன். பெரிய பரிசுத்தவான் ஆயிட்டியோ நீ? நான் வாயத் திறந்தா நீ எங்க இருப்பன்னு ஞாபகம் இருக்கா? ரொட்டி வண்டி."

இந்த இரண்டு சொல்லை நான் பல வருஷமாகச் சுவர் வழியே கேட்டிருக்கிறேன். மாப்பிள்ளை எதையாவது மறுப்பார், தனியாக ஒரு பட்டறை வைக்கலாமா என்பார், பெண்டாட்டி சின்னவளை இரண்டு நாள் எங்காவது அழைத்துப்போகிறேன் என்பார். அக்கா "ரொட்டி வண்டி" என்பாள். அதோடு அந்தப் பக்கம் சத்தம் அடங்கிவிடும். ஏதோ குடும்பக் கேலி என்று நான் நினைத்திருந்தேன். சின்னவளுக்கும் அதுவரை அது என்னவென்று தெரியாதாம்.

அன்று அடங்கவில்லை.

"ஞாபகம் இருக்குக்கா. போன வாரமே போதகர்கிட்டச் சொல்லிட்டேன். நேத்து வீட்ல சொன்னேன். இன்னிக்கு மத்தியானம் ரொட்டிக்காரர்கிட்டயே போய்ச் சொல்லப்போறேன்."

தகரத்தில் ஏதோ வந்து மோதியது. அப்புறம் பார்த்தேன், ஒரு மீட்டர். அதற்குப் பிறகு அக்கா போட்ட சத்தத்தில் எனக்கு முழுக் கதையும் கிடைத்துவிட்டது. ஊரின் மறு கோடியில், இறக்கத்துக்கு மேலே ரொட்டிக்கடை வைத்திருப்பவருக்கு இந்த யார்டிலிருந்து ஒரு வேன் போனது. போகும் முன்பே அதன் பிரேக் பைப் துருவேறி இற்றிருந்தது. மாப்பிள்ளை பார்த்தார். மாற்றவில்லை. துருவைச் சுரண்டிவிட்டு மேலே கறுப்புப் பெயின்ட் அடித்தார். மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை, ரொட்டித் தட்டுகளோடு அந்த வேன் இறக்கத்தில் நிற்காமல் போய்ச் சுவரில் மோதியது. ரொட்டிக்காரரின் இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. விசாரித்தவர்கள் அதிக பாரம், அதிக வேகம் என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

"போய்ச் சொல்லு. யார்டை இழுத்து மூடு. இருக்கற ஒரே பொழப்பும் போச்சுன்னா, நானும் உன் பொண்டாட்டியும் எங்க போய் நிப்போம்? உனக்குப் பரலோகம் இருக்கு, போயிருவ. எங்களுக்கு?"

மாப்பிள்ளை குனிந்து, எறிந்த மீட்டரை எடுத்தார். மூன்று மீட்டரையும், எறிந்ததையும் சேர்த்துத்தான், எண்ணைத் திருப்பாமல் வேன்களில் மறுபடி பொருத்தினார். நல்லவேளை, எறிந்ததற்குக் கண்ணாடி மட்டும்தான் விரிசல். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, தெருமுனையில் பஸ் ஏறிப் போனார்.

அக்கா கொஞ்ச நேரம் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் என் கடைக்குள் தலையை நீட்டினாள். "சீட்டு, ஒட்டுக்கேட்ட வரைக்கும் போதும். வண்டிய எடு. இருக்கற கோபத்துல நான் ஓட்டினா எவனையாவது ஏத்திருவேன்."

வழியெல்லாம் அவள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். "மூளை கலங்கிருச்சுன்னு சொல்லிருவோம். சபைக்குப் போய்ப் போய் இப்படி ஆயிட்டான்னு சொல்லுவோம். எல்லாக் குத்தமும் நான்தான் பண்ணேன்னு உளறிக்கிட்டுத் திரியறான்னு நான் சொல்றேன். நீ தலைய மட்டும் ஆட்டு."

"எனக்கும் ஒரு தலைதான்க்கா," என்றேன். அதற்குக் கிடைத்த பார்வையில் அடுத்த திருப்பம் வரை நான் வாயைத் திறக்கவில்லை.

ரொட்டிக்கடையில் மதிய ஈடு முடிந்து அடுப்பு ஓய்ந்திருந்தது. மாவு படிந்த பலகை, சுவரோரம் அடுக்கிய தட்டுகள், உள்ளே அனல். கல்லாவுக்குப் பின்னால் ரொட்டிக்காரர் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஊன்றுகோல் சாய்ந்திருந்தது. அவர் மனைவி தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை எங்களுக்கு முன்பே வந்து நின்றிருக்கிறார், ஆனால் இன்னும் பேச்சு வரவில்லை.

"என்ன தம்பி, வந்ததுலேர்ந்து நிக்கறீங்க. பன்னா, ரொட்டியா? பன்னு காலையில போட்டதுதான், பொய் சொல்லமாட்டேன்," என்றார் ரொட்டிக்காரர்.

அக்கா உள்ளே பாய்ந்தாள். "அண்ணே, இவருக்கு உடம்பு சரியில்ல. கூட்டிட்டுப் போக வந்தோம்."

"உடம்பு நல்லாத்தான் இருக்கு," என்றார் மாப்பிள்ளை. பிறகு சொல்லிவிட்டார். பூச்சு எதுவும் இல்லை. பைப் இற்றிருந்தது, பார்த்தேன், மேலே பெயின்ட் அடித்தேன், அது தெரிந்தேதான் உங்களுக்கு வண்டி போனது. உங்கள் கால் போனதற்குக் காரணம் மழையும் இல்லை, நீங்களும் இல்லை.

ரொட்டிக்காரர் கோபப்படவில்லை. காது கேளாதவர் மாதிரி முன்னால் குனிந்தார். "கடைசியா சொன்னத மறுபடி சொல்லு."

"நீங்க காரணம் இல்லைங்க."

அவர் மெல்ல மனைவி பக்கம் திரும்பினார். தட்டுத் துடைத்துக்கொண்டிருந்த அவள் கை நின்றுபோயிருந்தது.

"கேட்டியா," என்றார். "காதுல விழுந்துச்சா? வேகமா ஓட்டினேன், அளவுக்கு மேல ஏத்தினேன், பேராசைக்காரன், குடும்பத்த நடுத்தெருவுல நிறுத்திட்டேன்னு தினம் ஒரு வேளை சாப்பாட்டோட போடுவியே. நானும் ஆமா ஆமான்னு தின்னேனே."

அவள் தட்டைப் பலகைமேல் வைத்தாள்.

அப்போதுதான் ரொட்டிக்காரருக்குக் கோபம் வந்தது, வார்த்தைக்கு முன்னால் ஊன்றுகோல் வந்தது. கல்லாவின்மேல் ஓங்கி ஒரு அடி. பன்கள் உருண்டன.

"எத்தன வருஷம்டா. பிரேக்க மிதிச்சேன், மிதிச்சேன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். ஒருத்தன் நம்பல. அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துருச்சு. மிதிக்கலையோ, தூங்கிட்டேனோ, கூட ரெண்டு தட்டு ஏத்தினது தப்போன்னு. என் காலை நானே வெட்டிக்கிட்டேன்னு ராத்திரியெல்லாம் உக்காந்து என்னையே திட்டியிருக்கேன். நீ அங்க உக்காந்து பெயின்ட் அடிச்சுக்கிட்டிருந்த."

"ஆமாங்க."

"என்ன ஆமாங்க? இப்ப வந்து கொட்டிட்ட. உனக்கு லேசாயிருக்கும். வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்குவ. உன் அழுக்கத் துவைக்க நான் என்ன சோப்புக் கட்டியா?"

"லேசா இல்லைங்க," என்றார் மாப்பிள்ளை. முகம் வெளுத்திருந்தது. "மன்னிப்புக் கேட்டு வாங்கிட்டுப் போக வரல. உங்களுக்குத் தெரியணும்னு வந்தேன். போலீஸ்னாலும் வர்றேன். நான் ஓடமாட்டேன்."

"மன்னிப்பு ஆண்டவர்கிட்ட வாங்கியாச்சாக்கும்?"

"ஆமாங்க. அதனாலதான் உங்க முன்னாடி வந்து நிக்க முடிஞ்சுது. அதுக்கு முன்னாடி இந்த ரோட்டுப் பக்கமே வரமாட்டேன்."

ரொட்டிக்காரர் பல்லைக் கடித்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அவரும் வியாபாரிதான், சரக்கைத் திருப்பிப் பார்க்கத் தெரிந்தவர். கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்: "அந்தப் பெயின்ட் அடிக்கறது உன் புத்தியா?"

"என் கைங்க."

"கையக் கேக்கல. புத்தி யாரோடது?"

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். "அடிச்சது நான்தாங்க."

இந்த இடத்தில் நான் அக்காவைப் பார்த்தேன். சுவர் வழியே வராத ஒரு பகுதி கதையில் மிச்சம் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் தப்பிவிட்டாள். ஒரு வார்த்தை பேசாமல், ஒரு விலை கொடுக்காமல். இத்தனை காலம் இரண்டு சொல்லை வைத்து ஒரு மனுஷனைக் கட்டிப்போட்டிருந்தவளை, அந்த மனுஷனே இப்போது கையால் மறைத்து நிற்கிறார். அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவள் முகமோ யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி சிவந்தது. எதையும் இனாமாக வாங்கிப் பழகாத பரம்பரை அது. இனாம் தருகிறவனைக் கண்டால் அக்காவுக்குச் சந்தேகம் வரும், அப்புறம் எரிச்சல் வரும். அன்று வந்தது வெறி.

"ஏன்டா, நல்லவன் பட்டம் உனக்கு மட்டும்தானா?" என்று மாப்பிள்ளையைப் பார்த்துக் கத்தினாள். "உன்கிட்ட நான் கேட்டேனா? என்னைக் காப்பாத்துன்னு கேட்டேனா? யாருகிட்ட காட்டற உன் தர்மத்த?" ரொட்டிக்காரர் பக்கம் திரும்பினாள். கோபம் மாறவேயில்லை. "நான்தான் சொன்னேன். பைப் மாத்தணும்க்கா, ஒரு நாள் ஆகும்னு இவன் சொன்னான். ஒரு நாள் தாமதிச்சா நீங்க வேற யார்டுக்குப் போயிருவீங்க. பெயின்ட் அடிச்சு அனுப்புன்னு சொன்னது நான். போதுமா? ரெண்டு பேரும் கேட்டுக்கிட்டீங்களா?"

மாப்பிள்ளை முதல்முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவளுக்குக் கண்ணீர் வரவில்லை. சபையில் அத்தனை சுலபமாக வருகிற கண்ணீர், இங்கே ஒரு சொட்டு இல்லை. மூச்சு மட்டும் வாங்கியது.

"போங்க," என்றார் ரொட்டிக்காரர். "எல்லாரும் வெளிய போங்க. போலீஸுக்குப் போறதா வேணாமான்னு நான் முடிவு பண்ணிக்கறேன்."

வாசல் தாண்டியிருப்போம். "நில்லு," என்று குரல் வந்தது. ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு அவர் வெளியே வந்தார். கடைக்குப் பக்கத்தில் அவருடைய இப்போதைய வேன் நின்றது, இடது காலுக்கு வேலை வைக்காத, கிளட்ச் இல்லாத வண்டி.

"இதுவும் உங்க தெருவுல வாங்கினதுதான். எந்த யார்டுன்னு சொல்லமாட்டேன். வாங்கின நாள்லேர்ந்து அந்த இறக்கத்துல இறங்கினதில்ல. ஊரச் சுத்திக்கிட்டுப் போறேன். பெட்ரோல் விக்கற விலையில." மாப்பிள்ளையின் நெஞ்சுக்கு நேராக ஊன்றுகோலை நீட்டினார். "அடியில போய்ப் பாரு. பாத்துட்டு நிஜத்தச் சொல்லு. உன்கிட்டேர்ந்து எனக்கு வேண்டியது அது ஒண்ணுதான். வேற ஒரு மண்ணும் வேணாம்."

மாப்பிள்ளை சட்டையோடு மண்ணில் படுத்து உள்ளே போனார். ரொம்ப நேரம் கைவிளக்கின் வெளிச்சம் மட்டும் அங்குமிங்கும் அலைந்தது. வெளியே வந்தபோது அவர் முகம் சரியாயில்லை.

"முன்பக்கம் பிரேக் ஆயில் போற ரப்பர் ஹோஸ் ஒண்ணு விரிசல் விட்டிருக்குங்க. நாலு தடவை பலமா மிதிச்சா பிச்சுக்கும். இன்னிக்கு எடுக்காதீங்க. சுத்து வழியிலயும் வேணாம்."

ரொட்டிக்காரர் வேனின்மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

"சீட்டு, யார்டுக்குப் போய் ஷெல்ஃபுல இருக்கற ஹோஸ எடுத்துட்டு வா," என்றாள் அக்கா. நான் சாவியைத் திருகும்போது அவளே ஓடி வந்து கதவைத் தட்டினாள். முகத்தில் அந்தச் சிவப்பு இன்னும் இருந்தது. "வேணாம். அங்க இருக்கறது எது பழசு, எது புதுசுன்னு எனக்கே தெரியாது. கடையில புதுசா வாங்கிட்டு வா. பிரேக் ஆயிலும். மூடி உடைக்காத டப்பா."

ஹோஸை மாற்றுவதோடு வேலை முடியாது. குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க, ஒருவர் கீழே படுத்து, சக்கரத்தருகே இருக்கும் நிப்பிள் திருகைத் திறந்து மூட வேண்டும். கீழே இருக்கிறவர் சொல்கிறபடிதான் மேலே இருக்கிறவர் கேட்க வேண்டும். நேரம் தப்பினால் காற்று மறுபடி உள்ளே போய்விடும்.

நான் ஏறப்போனேன். அக்கா என்னைத் தள்ளிவிட்டுச் செருப்பை உதறிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

"மிதிங்கக்கா," என்று கீழேயிருந்து குரல் வந்தது.

மிதித்தாள்.

"பிடிங்க. விட்றாதீங்க. ம், இப்ப விடுங்க. மறுபடி மிதிங்க."

அத்தனை வருஷத்தில் அவர் அவளுக்குச் சொல்லி அவள் கேட்டது அன்றுதான் முதல்முறை. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். யாரை மிதித்தாள் என்று நான் சொல்லமாட்டேன். மாப்பிள்ளையை, ஆண்டவரை, தன்னை, எல்லாரையும் முறை வைத்து மிதித்திருப்பாள். "இன்னும் பலமாக்கா," என்றார் அவர். "இதுக்கு மேல மிதிச்சா உன் ஆண்டவர் வந்து கேப்பாரு," என்றாள். குமிழ் குமிழாகக் காற்று வந்தது, கறுத்த எண்ணெய் வந்தது, கடைசியில் தெளிந்த எண்ணெய் வந்தது.

ரொட்டிக்காரர் ஏறி உட்கார்ந்து தன் ஒற்றைக் காலால் மிதித்துப் பார்த்தார். ஒன்றுக்குப் பத்துத் தடவை மிதித்தார். "கல்லு மாதிரி இருக்கு," என்றார். நன்றி சொல்லவில்லை. "மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க. அந்த வார்த்தை இன்னும் என் வாயில வரல. நாளைக்குப் பின்சக்கரத்தப் பாக்கணும். வா."

அவர் மனைவி ஒரு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்து அவருக்குப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். எங்களைப் பார்க்கவில்லை. "இறக்கத்துலயே போ," என்றாள் புருஷனிடம். அவர் அவளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

மறுநாள் காலை மருந்துக் கம்பெனி ஆள் வந்தான். மூன்று வேன்களையும் சுற்றிவந்தான். விரிசல் விழுந்த கண்ணாடி வழியே மீட்டரை எட்டிப் பார்த்தான். அப்புறம் குனிந்து பெடல் ரப்பரைப் பார்த்தான். இரண்டும் ஒரே கதையைச் சொன்னதும் தலையைச் சொறிந்தான்.

"ஏம்மா, இதுவே இவ்வளவு காட்டுதே. அப்ப நிஜத்துல எவ்வளவு ஓடியிருக்கும்?"

"நிஜமே அதுதாங்க."

அவன் சிரித்த சிரிப்பு எதிர் யார்டு வரைக்கும் கேட்டது. "என்கிட்டயேவா?" என்று சொல்லிவிட்டு நேராக அந்த எதிர் யார்டுக்கே போனான்.

அக்கா பொறுத்துக்கொண்டிருந்ததெல்லாம் அவிழ்ந்தது. "பாத்தியா? நிஜம் சொன்னா நாய்கூட நம்பாது. உன் நிஜத்த ஊறுகாய் போட்டுத் தின்னு. மூணு வண்டியும் துருப்பிடிச்சு நிக்கட்டும், அதுக்கும் மேல நீ பெயின்ட் அடிக்க மாட்டேன்னுவ. போலீஸ்காரன் எப்ப வருவான்னு வாசலையே பாத்துக்கிட்டு நான் உக்காந்திருக்கணும். எல்லாம் உன்னால." வாய் தானாகவே பழைய பாதையில் திரும்பியது. சொல்லியே விட்டாள். "ரொட்டி வண்டி."

நான் மெஷினை நிறுத்தினேன்.

மாப்பிள்ளை ஒரு வேனுக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார். "ஆமாக்கா. அதுக்குத்தான் கெளம்பிக்கிட்டிருக்கேன். பின்சக்கரம் பாக்க வரச்சொன்னாரே."

 நான் சுவர் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் இருந்த கட்டையை யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி அக்கா தன் கையையே பார்த்துக்கொண்டாள். மேசைமேல் இருந்த ரப்பர் டப்பாவை எடுத்தாள். எறியப்போகிறாள் என்று நான் தலையைக் குனிந்தேன். அவள் அதைக் குப்பைத் தொட்டியில் கொட்டி, டப்பாவின் அடியைத் தட்டிக் காலி செய்தாள்.

"சீட்டு," என்று இந்தப் பக்கம் பார்த்துக் கத்தினாள், "அந்த வேன்ல கிழிஞ்சிருக்கற சீட்டுக்குக் கவர் போடாத. கிழிசல் கிழிசலாவே இருந்து தொலையட்டும்."

"சரிக்கா. அப்ப என் பொழப்பு?"

"நாசமாப் போகட்டும். என் பொழப்போட சேர்ந்து போகட்டும்."

மாப்பிள்ளை ஸ்பேனர்களைப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். வாசல் வரை அவர் போகிறதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நில்லுங்க," என்றாள். 'நீங்க' திரும்பி வந்திருந்தது. குரலில் கோபம் மட்டும் போகவில்லை. "பின்சக்கரம்னாலும் காத்து எடுக்கணும்ல. மிதிக்கறதுக்கு அங்க யாரு இருக்கா?"

"அவரே மிதிச்சுக்குவாருக்கா."

"அவர் என்னத்த மிதிப்பாரு," என்று செருப்பைத் தேடினாள். "நேத்து மிதிச்சதுல என் கால் இன்னும் வலிக்குது. நான் மிதிச்ச மாதிரி மிதிக்க எவனாலயும் முடியாது. நடங்க."